சும்மா இருந்தவர்களின் பட்டியல்

இல்லை, லூர்துமேரி அக்கா அந்தத் தளத்தை எதிர்க்கவில்லை. அடக்கத்துக்கு வந்த பலரும் என்னிடம் அதையேதான் கேட்டார்கள். ராணுவத் துப்பாக்கிப் பயிற்சித் தளத்துக்காகப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கரட்டை, சிறு பாறைக்குன்றை, வளைத்து வேலி போடுகிறார்கள். "எம் பையனே அங்க கம்பி வேலி கட்டத்தான் போறான். நான் எந்த வாயால வேணாம்பேன்? வரட்டும். யாரு எடத்துல வர்றோம்னு தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்." இதுதான் அவர் நிலைப்பாடு. கடைசிவரை மாறவில்லை.

அவர் இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. கரட்டடியில் ஆடு வளர்க்கும் முனியம்மா ஃபோன் செய்தார். "உங்ககூட எழுத வந்த மேரிம்மா போயிட்டாங்களாமே. நெஞ்சு வலியாம். நெசமாங்க?"

எனக்குத் தெரியாது. அவர் கேட்டுத்தான் தெரிந்தது.

தளம் வந்தால் யார் பிழைப்பு கெடும் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதுவது எங்கள் வேலை. நான் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக வந்தவள். அவர் பல வருடம் பால்வாடியில் சமைத்தவர். இருவருக்கும் ஒரே படிவம்.

முதல் நாள் காலையில் நான் ஒரு தெருவையே முடித்திருந்தேன். அவர் இரண்டு வீடு. டீக்கடையில் என் படிவங்களை வாங்கிப் புரட்டினார். பெண்களின் தொழில் கட்டத்தில் எல்லாம் 'எதுவுமில்லை.'

"ஏங் கண்ணு, இந்தத் தெருவுல பொம்பளைங்க எல்லாருமே மகாராணிங்களா?"

"கேட்டேன்க்கா. சும்மாதான் இருக்கறோம்னாங்க."

"அவங்க சொல்லுவாங்க. நீ எழுதிருவியா?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு என்னை முதல் வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போனார். முனியம்மாவின் வீடு அது. மறுபடியும் அதே பதில்.

"சும்மாதான் இருக்கறேங்க."

"சரி, இருங்க. நேத்து விடிஞ்சதுல இருந்து எங்கெங்க போயி சும்மா இருந்தீங்க?"

முனியம்மா சிரித்துவிட்டார். "கரட்டுக்கு ஆட்ட ஓட்டிட்டுப் போனேன். அப்படியே சீமாறு புல்லு ரெண்டு கட்டு அறுத்தேன். சீத்தாப்பழம் ஒரு கூடை. பஸ்ஸுல போட்டுக் கொண்டுபோயி வித்துட்டு வந்தேன். வேறென்னங்க, சும்மாதான்."

கூலி கொடுக்க ஆள் இல்லாத உழைப்புக்கெல்லாம் இங்கே அந்த ஒரு சொல்தான். படிவம் அதை அப்படியே நம்பியது. வரைபடத்தில் கரடு, யாருக்கும் பயன்படாத தரிசு. படிவத்தில் பெண்கள், வேலை இல்லாதவர்கள். இரண்டு காகிதமும் ஒன்றுக்கொன்று சாட்சி. வேலி எழும்போது, பிழைப்பை இழப்பவர்கள் பட்டியலில் ஒரு பெண்ணும் இருக்கமாட்டார்.

அன்று பிற்பகலே அந்தத் தெருவை மறுபடி தொடங்கினோம். மேற்பார்வையாளர் ஃபோனில் கத்தினார். "மேடம், ஃபார்ம்ல அதுக்கெல்லாம் கட்டம் இல்லைங்க."

"கட்டம் இல்லைன்னா என்னங்க சார், ஓரம் இருக்குதில்ல" என்றார் அக்கா.

ஓரத்தில் எழுதினோம். ஆடு. சீமாறு. புளி. சுள்ளி. எந்த மாதம், எந்த வழி.

அவர் தவறே செய்யாதவர் அல்ல. ஒரு புதுமருமகள் தன் பெயரை எழுத வேண்டாம் என்றாள். மருமகள் கரட்டுக்குப் போவதை மாமியார் வீட்டில் வெளியே சொல்வதில்லை. அக்கா விடவில்லை, குரல் உயர்ந்தது. அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அக்கா சொன்னார், "எந் தப்புதான் கண்ணு. அவ பேரு அவளுது."

பிறகு பள்ளி மைதானத்தில் தளம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம். 'யாரும் புழங்காத இடம்' என்று அதிகாரி வாசித்தார். அக்கா எழுந்தார். வாதாடவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி, "நேத்து கரட்டுக்குப் போனவங்க மட்டும் எந்திரிங்க" என்றார். யாரும் அசையவில்லை. "எந்திரிங்கம்மா, போலீசு கீலீசு வராது."

முனியம்மா எழுந்தார். "நான் சும்மா போறதுதாங்க. ஆனா தெனம் போறேன்."

பெண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அதிகாரி வாசிப்பதை நிறுத்தினார். பிறகு தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார்.

போன வாரம் ஊராட்சி அலுவலகச் சுவரில் பிழைப்பை இழப்பவர்களின் முதல் பட்டியலை ஒட்டினார்கள். நாங்கள் எழுதிய பெண்களின் பெயர்கள் அதில் இருந்தன, பக்கத்தில் அவர்கள் வேலையோடு. ஆனால் கரட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரை வேறு இருவர் எழுதியிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பெண் பெயரும் இல்லை. ஆட்சேபம் எழுதிக் கொடுக்க மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. அக்கா சந்தோஷப்படவே நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "வியாழக்கெழம மொத பஸ்ஸுக்கு வந்துரு. சோறு கட்டிக்க, அங்க டீக்கடைகூட இல்ல."

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய சிரிப்பு, கோபம், பால்வாடி உப்புமா என்று எவ்வளவோ நினைவிருக்கும். எனக்கு இருப்பது ஒன்று. முதல் பதிலைக் கேட்டதும் அவர் பேனாவைத் திறக்கமாட்டார். காத்திருப்பார். அந்தக் காத்திருப்பை வைத்துக்கொள்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை.

புதன்கிழமை அடக்கம். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனேன். பொழுது சாய்வதற்குள் ஏழு வீடுதான் முடிந்தது, ஏழு படிவத்திலும் ஓரம் நிரம்பியிருந்தது.