சைரனும் மேல்வீட்டுக்காரியும்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் எட்டு இயந்திரங்களும் சேர்ந்து ஓடினால், பக்கத்தில் நிற்பவர் தும்முவதுகூடக் கேட்காது. அந்த இரைச்சலைத் தாண்டி உலர்த்தும் அறையின் கடைசி மூலைவரை போய்ச் சேரும் குரல் ஒன்றே ஒன்றுதான். அது மேற்பார்வையாளர் அம்மாவின் குரல். அங்கே வேலை செய்த பதினாறு பெண்களும் அவளுக்குச் சைரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ரத்தக்கறை போகாத விரிப்பை யாராவது மடித்து வைத்துவிட்டால், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலக் கேட்பாள். ஐம்பத்தேழு வயது, இருபத்தாறு வருட வேலை. அவளிடம் திட்டு வாங்காதவர்கள் அன்று விடுப்பில் இருந்தவர்கள் மட்டுமே.

வீட்டில் அவள் கணவர் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். வாயில்லாப் பூச்சி. அவரைத் திட்டுவது தலையணையைக் குத்துவது போலத்தான். சரிக்குச் சரி நிற்கக்கூடிய ஆள் மாடியில் இருந்தாள்: கணவருடைய தம்பியின் மனைவி. வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டு ரவிக்கை தைப்பவள். மாடிக் குளியலறையின் தண்ணீர் கீழ்வீட்டுச் சமையலறைச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்வது யார் பொறுப்பு என்று ஓரகத்திகள் இருவருக்கும் பத்தொன்பது வருடமாகச் சண்டை. எவ்வளவு மோசமாகத் திட்டினாலும் மேல்வீட்டுக்காரி 'அக்கா', 'நீங்க' என்ற மரியாதையை மட்டும் விடமாட்டாள். சைரனுக்கு அதுதான் அதிகம் எரியும்.

அந்த வருடத் தொடக்கத்தில் சைரனின் நாக்கின் இடது ஓரத்தில், உடைந்த கடைவாய்ப்பல் உரசும் இடத்தில், ஒரு புண் வந்தது. மருந்துக்கடைக்காரர் சத்து மாத்திரை கொடுத்தார். பிறகு களிம்பு. பிறகு மறுபடி மாத்திரை. இப்படியே நாலு மாதம் ஓடியது. புண் ஆறாமல் ஓரம் தடித்துக் கெட்டியானது. அந்தப் பக்கக் காதுக்குள் வலி குத்தத் தொடங்கியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. திட்டுவதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

கணவர் அதைக் கவனிக்கவில்லை. சலவைக்கூடத்துப் பெண்கள் தப்பித்தோம் என்று இருந்துவிட்டார்கள். கவனித்தவள் மேல்வீட்டுக்காரி.

"என்னக்கா, இன்னிக்கு ரெண்டு வார்த்தையோட நிறுத்திட்டீங்க? வாய்க்குள்ள கல்லு வச்சிருக்கீங்களா?" என்றாள் மாடிப்படியில் நின்று.

அந்த ஆத்திரத்தில்தான் மறுநாள் சைரன் பல் டாக்டரிடம் போனாள், பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து மிச்சத்தையும் சேர்த்துத் திட்டலாம் என்று. டாக்டர் பல்லைத் தொடவே இல்லை. நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துப் பார்த்தார். கழுத்தை அமுக்கிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"நாலு மாசம்."

"மூணு வாரத்துல ஆறாத புண்ண இப்படி விடக்கூடாதும்மா," என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். அங்கே சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்று.

"புகையிலை, சிகரெட், குடி ஏதாவது உண்டா?" என்று அறுவை மருத்துவர் கேட்டார். இல்லை என்றாள். கணவர் மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு வருஷமா கூட இருக்கீங்க. டாக்டர் கேட்டா நீங்க எதுக்கு என்னைப் பாக்கறீங்க?" என்றாள். மருத்துவர் இடையில் புகுந்தார்: "நிறைய பேருக்கு அதனாலதான் வருது. ஆனா எந்தப் பழக்கமும் இல்லாதவங்களும் வர்றாங்க." கணவர் தலையாட்டினார். அந்தப் பார்வையை அவள் மன்னிக்கவே இல்லை.

வீடு வந்து சேருவதற்குள் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடம் மேல்வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்: "ஒளிச்சு ஒளிச்சுப் புகையிலை போட்டிருப்பாங்க. இல்லாம வருமா?"

நாக்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டி எடுத்தார்கள். கழுத்தில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். முன்கையிலிருந்து சதை எடுத்து வெட்டிய இடத்தில் வைத்துத் தைத்தார்கள். மூக்குவழிக் குழாயில் பாலும் கஞ்சித் தண்ணீரும் இறங்கின. பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. வாய் மணல்போல் காய்ந்தது. புதுச் சதை அவள் சொன்னபடி கேட்கவில்லை. வாய்க்குள் யாரோ விருந்தாளி வந்து படுத்திருப்பது போலிருந்தது. ல, ற, ழ எல்லாம் ஒரே சத்தமாக வந்தன.

கணவர் ஒரு சிலேட்டு வாங்கி வந்தார். "சிரமப்படாத. எழுதிக் காட்டு." அவள் ஜன்னலைத் திறக்கச் சொன்னால் வெந்நீர் கொண்டுவந்தார். வெளியே போகச் சொன்னால் தலையணை கொண்டுவந்தார். மூன்றாம் நாள் சிலேட்டு இரண்டாக உடைந்தது.

வேலைக்குத் திரும்பினாள். மேலாளர் அவளைத் துணிக்கிடங்குக்கு மாற்றியிருந்தார். "அங்க சத்தம் இருக்காது. ரெஸ்டா இருங்க." பெண்கள் வந்து பார்த்தார்கள், அவள் எது சொன்னாலும் 'ஆமாக்கா, ஆமாக்கா' என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். முன்பெல்லாம் முதுகுக்குப் பின்னால் பழித்துக்காட்டியவர்கள்தான். இந்த ஆமாவுக்கு அதுவே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஒரு காலையில் சமையலறைச் சுவரிலிருந்து பெயர்ந்த காரை அவள் குடிக்கவிருந்த கஞ்சியில் விழுந்தது. அவள் படியேறினாள். ஏழு மாதமாக அடைத்துக்கிடந்ததெல்லாம் கொட்டியது. எச்சில் தெறித்தது, பாதி வார்த்தை மூக்கில் போனது. பின்னாலேயே ஓடிவந்த கணவர் திகைத்து நின்றார்.

"என்ன சொல்றா?"

மேல்வீட்டுக்காரி தையல் இயந்திரத்திலிருந்து நிமிரவில்லை. "என் அப்பன் கட்டின வீடா, குளிச்சுக் குளிச்சுக் கரைக்கறதுக்குன்னு கேக்கறாங்க மாமா." பிறகு சைரனைப் பார்த்தாள். "எங்கப்பன் கட்டலைக்கா. உங்கப்பனும் கட்டலை."

ஒரு வார்த்தைகூடத் தப்பாமல் அவளுக்குப் புரிந்திருந்தது. சைரன் வேண்டுமென்றே வேகமாக, ஒழுங்கில்லாமல், இன்னொன்று சொன்னாள். அதற்கும் பொருத்தமான பதில் வந்தது. பத்தொன்பது வருடம் ஒரே திட்டுகளைக் கேட்ட காது அது.

அதன்பிறகு தினமும் காலையில் படியேறினாள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சியாளர் கொடுத்த பயிற்சித் தாளை வீட்டில் யாரும் கையால்கூடத் தொடவில்லை, சண்டைதான் பயிற்சியானது. மேல்வீட்டுக்காரி கருணை காட்டவில்லை. "புரியலைக்கா. இன்னொரு தடவை திட்டுங்க," என்பாள், தையலுக்கு வந்த பெண்கள் சிரிக்கும்படி. சைரன் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பச் சொல்வாள். அதை உதவி என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் படியேறியிருக்கமாட்டாள்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "நான் புகையிலை போட்டேன்னு சொன்னது நீதானே?"

"நான்தான். சும்மா வருமா?"

"எனக்குச் சும்மாதான் வந்துச்சு. உனக்கும் வரும். வாயைத் திறந்து கண்ணாடில பாரு."

மேல்வீட்டுக்காரி தையல் இயந்திரத்தை வேகமாக மிதிக்கத் தொடங்கினாள். மறுநாள் மாடி வெயிலில் அவள் கைக்கண்ணாடியைப் பிடித்து, நாக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சைரன் கீழேயிருந்து பார்த்தாள். நன்றாகப் பயப்படட்டும் என்று நினைத்தாள். அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்பு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு வருடச் சோதனையில் புற்று திரும்பவில்லை என்றார்கள். அந்த வாரமே மேலாளர் அறைக்குப் போய், கிடங்கு வேண்டாம், பழைய இடம் வேண்டும் என்றாள். அவர் கனிவோடு தலையாட்டினார்.

"சரிம்மா, சரிம்மா, பாத்துக்கலாம்."

"நான் என்ன சொன்னேன்?"

அவர் மறுபடி தலையாட்டினார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மறுபடி சொன்னாள். அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மறுபடி சொன்னாள். தொலைபேசி அடித்தது, எடுக்கவிடவில்லை. ஐந்தாவது தடவை அவர் முகம் சிவக்க, "பழைய இடம். மேற்பார்வை. கிடங்கு வேண்டாம்," என்றார்.

"நாளைலேர்ந்து," என்றாள்.

"நாளைலேர்ந்து," என்றார் அவர்.