கற்பூரத்தில் பேசிய பீஸ்

கொடைக்கானல் மலையில் கவுஞ்சிக் கிராமத்து மகாதேவிக்கு இரண்டு வகை ஆட்களைக் கண்டால் ஆகாது. பூண்டை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிற வியாபாரி ஒருவன். இழவு வீட்டுக்கு வேலை தேடி வருகிறவன் இன்னொருவன். வக்கீல் முருகவேல் இந்த இரண்டாவது வகையில் வந்து சேர்ந்தார். அவள் புருஷன் திருமலைச்சாமியைச் சுற்றுலா வேன் ஒன்று அடித்துப் போட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து அவன் செத்து, கருமாதிப் பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள் கறுப்புக் கோட்டோடு வந்து நின்றார். டீ குடிக்கப் போனாலும் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டுதான் போவார் என்று கொடைக்கானலில் சொல்லிச் சிரிப்பார்கள்.

“அழுவாதீங்கக்கா. நானும் இந்த மலைதான், பக்கத்துப் பூம்பாறைக்காரன். நம்ம ஆளு ரோட்டுல கெடக்கும்போது நான் கையக் கட்டிக்கிட்டு இருக்க முடியுமா?”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். மகாதேவி அழவே இல்லை, அதை அவர் கவனிக்கவும் இல்லை.

“நீங்க ஒரு பைசா தர வேணாம். வேன்காரன்கிட்ட இருந்து வர்றதுல மூணுல ஒரு பங்கு எனக்கு. வரலையா, எனக்கும் இல்ல. அம்புட்டுத்தான்.”

கேட்க நியாயம் போலத்தான் இருந்தது. கமிஷன் கடைக்குப் பூண்டு போட்டுப் பழகிய ஊருக்கு, விற்றால் கமிஷன் என்பது புரியாத கணக்கா? “அப்ப அத எழுதிக் குடுங்க” என்றாள்.

முருகவேல் சிரித்து மழுப்பினார். வக்கீல்கள் வழக்குப் பணத்தில் பங்கு பேசக் கூடாது. எழுதி மாட்டிக்கொண்டால் கோட்டைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். முன்பெல்லாம் நஷ்டஈடு வக்கீல் கை வழியாக வரும், தங்கள் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். இப்போது நேராகக் கட்சிக்காரரின் பேங்க் கணக்குக்குப் போய்விடுகிறது. கீழ்நாட்டு வக்கீல்களில் சிலர் வெற்றுச் செக்கில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மலையில் பிறந்த முருகவேலுக்கு அதைவிட உறுதியான ஒன்று தெரிந்திருந்தது.

“பேப்பரெல்லாம் எதுக்குக்கா? கருப்பசாமி முன்னாடி கற்பூரத்த அணைச்சுச் சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

அந்தப் பக்கத்தில் புரோநோட்டு எழுதிவிட்டு இல்லை என்றவர்கள் உண்டு. கற்பூரத்தை அணைத்துச் சொன்ன சொல்லை மாற்றியவர் கிடையாது. மாற்றினால் பெற்ற பிள்ளை விளங்காது என்று பயம். டவுனில் நாலு பேரோடு உட்கார்ந்தால் சாமியாவது பூதமாவது என்று பேசுகிற மனிதர், பீஸ் வசூலுக்கு மட்டும் கருப்பசாமியைக் குமாஸ்தாவாக வைத்திருந்தார். சம்பளம் கேட்காத குமாஸ்தா.

மகாதேவி எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். “வர்றதுல மூணுல ஒரு பங்கு வக்கீலுக்கு” என்றாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. புருஷனின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஓடையோரத்து வயலை வத்தலக்குண்டுக் கமிஷன் கடைக்காரரிடம் அடகு வைத்திருந்தாள். அடுத்த பூண்டு நடவுக்குள் திருப்பாவிட்டால் அது அவருக்கே கிரயமாகிவிடும். அப்புறம் அவளும் மகள் நதியாவும் கொடைக்கானல் லாட்ஜுகளில் பெட்ஷீட் துவைக்கப் போக வேண்டியதுதான்.

கேஸ் வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. ஒரு பைசா வேண்டாம் என்ற வாய், ஜெராக்ஸுக்குக் கேட்டது, ஜீப் வாடகைக்குக் கேட்டது. போதாததற்கு, “வரும்போது கேரட்டு கொண்டாங்கக்கா, பையன் விரும்பிச் சாப்பிடுவான்” என்று வேறு. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அந்தப் பிடுங்கலிலும் கேரட் பிடுங்குகிறவனை மகாதேவி அப்போதுதான் பார்த்தாள். சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு வெளியே வந்து காறித் துப்புவாள்.

வேனின் இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தது. அதனால் வேன் முதலாளி, ஒரு ரிசார்ட்காரர், கைப்பணத்தைத்தான் எடுத்து வைக்க வேண்டும். “இழுத்தா உங்க மக கல்யாணம் வரைக்கும் இழுப்பான். குடுக்கிறத வாங்கிக்கிட்டுச் சமாதானமாப் போயிருவோம்” என்று முருகவேல் கையெழுத்து வாங்கினார். பணம் அவள் கணக்கில் வந்து விழுந்தது. முழுதாக இருந்தால் வயல் திரும்பும். மூன்றில் ஒரு பங்கு போனால் திரும்பாது.

அந்த வாரம் பூம்பாறை பஸ்ஸில் ஜெரால்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதே ரிசார்ட்டில் கார் ஓட்டுகிறவன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னான்: “அக்கா, மனசு கேக்கல. உங்க வக்கீலுக்கு எங்க ஓனர் தனியா ஒரு கவர் குடுத்தாரு. குறைச்சு முடிச்சுக் குடுத்ததுக்கு. நான்தான் கொண்டுபோய்க் கையில குடுத்தேன்.”

மகாதேவிக்கு வயிறு எரிந்தது. புருஷன் செத்ததற்குக்கூட இப்படி எரியவில்லை. செத்த மனுஷனை இரண்டு பக்கமும் விற்றிருக்கிறான்!

“அவருக்குக் குடுக்காதம்மா” என்றாள் நதியா. “எழுத்தே இல்ல. எந்தக் கோர்ட்டுல போய்க் கேப்பாரு?”

“நான் சாமிக்குச் சொன்னேன்டி. அந்த நாய்க்கா சொன்னேன்?”

மறுநாளே முருகவேலுக்குப் போன் போட்டாள். “பணத்த எடுத்துட்டேன். வந்து வாங்கிக்கங்க. கட்டின எடத்துலதான் அவுக்கணும்.”

கவுஞ்சிப் பக்கத்து முறை அது. கொடுக்கிறவர் சாமி முன் வைப்பார். வாங்குகிறவர், ‘இந்த விசயத்துல வேற யார்கிட்டயும் வாங்கல’ என்று கற்பூரத்தை அணைத்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். அணைக்குமுன் அது தானாக எரிந்து தீர்ந்தால் அவருக்குப் பங்கு இல்லை. முருகவேல் இந்தப் பாதியை மறந்தே போயிருந்தார். மற்றக் கட்சிக்காரர்கள் பயந்துபோய் ஆபீஸுக்கே கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். அவர் கோயில் பக்கம் போக வேண்டிய சோலியே வந்ததில்லை.

வாடகைக் காரில் கோட்டோடு வந்து இறங்கினார். கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. மகாதேவி பணக்கட்டைச் சாமி முன் வைத்தாள். பூசாரி கற்பூரத்தை ஏற்றினார்.

“வேன் ஓனர்ட்ட எதுவும் வாங்கலைன்னு சொல்லி அணைச்சுட்டு எடுத்துக்கங்க வக்கீலய்யா.”

முருகவேல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “என்னக்கா இது, மூடநம்பிக்கையெல்லாம்…”

“நீங்கதான என்னைய அணைக்கச் சொன்னீங்க?”

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டினார். கட்டைவிரல் உயரம் எரிகிற தீ அது. கை பாதியில் நின்றது. கொஞ்சம் முன்னே போனது, திரும்பி வந்துவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. வீட்டிலிருக்கும் ஒற்றைப் பிள்ளையின் நினைப்பு வந்திருக்க வேண்டும். என்ன இருந்தாலும் பூம்பாறைக்காரர் அல்லவா?

மகாதேவி அந்தக் கையையே பார்த்தாள். பொய்யைச் சொல்லிப் பொட்டென்று அணைத்துவிட்டுப் போய்விடுவான் என்றுதான் இரவெல்லாம் பயந்திருந்தாள். அப்படிச் செய்திருந்தால் வயல் போயிருக்கும். ஆனாலும் சரியான திருடன் என்றாவது சொல்லியிருப்பாள். இவனுக்கு அதற்கும் துப்பில்லை. இப்படிப்பட்டவனையா ஐயா என்று கூப்பிட்டுக் கைகட்டி நின்றோம் என்று அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. “பங்கு இல்ல” என்றார் பூசாரி.

“காத்து சரியில்ல… இன்னொரு நாள் வர்றேன்” என்று முனகிக்கொண்டே முருகவேல் காரை நோக்கி நடந்தார்.

மகாதேவி பணத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். “ஏய் நதியா, நாளைக்கு வெள்ளனே எந்திரி. வத்தலக்குண்டு போயி வயலத் திருப்பணும்” என்றாள். பிறகு குரலை உயர்த்தினாள்.

“வக்கீலய்யா! கேரட்டு ஒரு மூட்டை கட்டி வச்சிருக்கேன். பிள்ளைக்குக் கொண்டுபோங்க.”

யாரோ சிரித்தார்கள். முருகவேல் நின்றார். மூட்டையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு டிக்கியைத் திறந்து அதை ஏற்றிக்கொண்டுதான் போனார்.