சுகமில்லாத மாப்பிள்ளை

யுத்தம் முடிந்த வருஷம் எங்கள் தெரு மாப்பிள்ளை சரீபுக்குச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது, போய் உட்கார்ந்து வேலை பார்த்த கந்தோர்தான் போய்விட்டது. சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருதில் எங்களுக்கெல்லாம் வீடு கட்டித் தந்த நிறுவனம், வடக்கில் வேலை வந்ததும் கல்முனைக் கந்தோரைப் பூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனது. சரீபின் மனைவி அஸ்பியாவுக்கு அப்போது முதல் பிள்ளை வயிற்றில். அதனால் அவனை வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டார்கள். ஒரேயொரு நிபந்தனை. எந்தக் குடும்பத்துக்கு எத்தனை கூரைத் தகரம் என்ற கணக்கை ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்குள் கம்பியூட்டரில் அனுப்பிவிட வேண்டும். அவனால் ஒருநாள் தகர லொறி நின்றாலும், மறுநாள் அவன் வவுனியாவில் நிற்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். உண்ணலாம், உறங்கலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் காலையில் வெளிக்கிட்டுவிட வேண்டும். பெண்சாதி படிப்பிக்கப் போயிருக்க, மாப்பிள்ளை பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் தெரு சும்மா இருக்குமா? சிக்னல் அந்த ஜன்னலில் மட்டுந்தான் கிடைத்தது என்பது தெருவுக்குத் தெரியாது. மாமியார் ஆமினா உம்மாவுக்கு வெளியில் தலைகாட்ட முடியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, மருமகனுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று அயலில் சொல்லிவைத்தார்.

சுகமில்லாதவரைப் போய்ப் பார்ப்பது சுன்னத்து, நபி காட்டிய வழி. மற்ற சுன்னத்துகளில் எப்படியோ, இதில் எங்கள் தெரு பிந்துவதே இல்லை. இளநீரும் பிஸ்கட்டுமாகப் போய்க் குவிந்தோம். சரீப் ஜன்னலோரக் கட்டிலில் காற்சட்டையும் சப்பாத்துமாக உட்கார்ந்திருந்தான். சாரனோடு இருந்தால் அவனுக்கு வேலை ஓடாதாம். கையில் போன். "தங்கரத்தினம் குடும்பம், பன்னிரண்டு தகரம். செல்லத்தம்பி குடும்பம், எட்டுத் தகரம்" என்று சொல்லிக்கொண்டே போனான். மறுமுனையில் வவுனியாக் கந்தோரில் சிவரூபினி என்ற பெண் அதைச் சரிபார்த்து லொறி ஏற்றுகிறாள் என்பது எங்களுக்கு எப்படி விளங்கும்? நோய் தலைக்கேறிவிட்டது என்று முடிவெடுத்தோம்.

பக்கத்து வீட்டு சித்தி லைலா கண்கலங்கிப் போனார். மறுநாள் ஓதின தண்ணீரோடு வந்து, கதைத்துக்கொண்டிருந்தவன் முகத்தில் தெளித்தும்விட்டார். சரீப் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட தகரத்திலிருந்து தொடர்ந்தான். பைத்தியத்திலும் எவ்வளவு ஒழுங்கான மனுஷன் என்று எனக்கு அவன்மேல் பெரிய மரியாதை வந்தது.

மாரி தொடங்கியதும் அவனுக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. முந்தின நாளே கணக்கை முடித்து வைத்திருந்தான், அனுப்புவதுதான் மிச்சம். காலையில் எழும்ப முடியவில்லை. அஸ்பியா பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். முனகல் சுவர் தாண்டிக் கேட்கவே, நானும் சித்தி லைலாவும் கோழி சூப்போடு ஓடினோம்.

வாசலையொட்டிய அந்த ஜன்னலடியில், எங்களுக்கு வழியை மறித்துக்கொண்டு ஆமினா உம்மா நின்றார். மூக்கில் கண்ணாடி, காதில் போன், ஜன்னல் திட்டில் திறந்த கம்பியூட்டர். பிள்ளைப்பேறு நேரத்தில் மருமகன் வவுனியாவில் கிடந்தால் மகளின் கதி என்ன என்ற பயம் அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

"நான் அவர்ட மாமி கதைக்கன், மகள். அவருக்குக் காய்ச்சல், எழும்ப ஏலாமக் கிடக்கார். கணக்கு ரெடி. எத அமத்தணுமெண்டு நீங்க சொல்லுங்க, நான் அமத்துறன்."

சிவரூபினி சொல்லச் சொல்ல, அவர் பிஸ்மி சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பட்டனாக அமத்தினார். கிடைத்துவிட்டது என்று அவள் சொல்லியும் போனை வைக்கவில்லை. லொறி வெளிக்கிட்டதா என்று கேட்டு, வெளிக்கிட்டதும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லித்தான் வைத்தார்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மருமகனுக்கு ஒண்டுமில்ல லைலா. கந்தோர் நடக்குது. பின்னேரம் வாங்க."

சூப்பை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.