பூச்சியம் எழுதிய வீடுகள்

ஒரு கட்டுப் படிவம் மேசைக்கு வந்தால் சரோஜினிதேவி அதை இரண்டு அடுக்காகப் பிரிப்பார். வைத்தியச் செலவு என்ற இடத்தில் ஏதாவது தொகை இருந்தால் இடப்பக்கம். பூச்சியம் இருந்தால் வலப்பக்கம். வலப்பக்க அடுக்குத்தான் எப்போதும் உயரம். அதைத்தான் அவர் முதலில் படிப்பார்.

"மிஸ், இதெல்லாம் வெத்துத் தாள் மாதிரித்தானே ஈக்குது" என்பார் நஸீம். மடவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் எழுதுவினைஞர்.

"வெறுந்தாள் வேறை, பூச்சியம் வேறை, தம்பி. வெறுந்தாளெண்டால் ஒருத்தரும் போய்க் கேக்கேல்லை. பூச்சியமெண்டால் ஒரு ஆள் வாய் திறந்து பதில் சொல்லியிருக்கு."

சரோஜினிதேவி கண்டியில் ஒரு சுகாதார ஆய்வுக் கந்தோரின் புள்ளிவிவரக்காரி. வயது நாற்பத்தெட்டு. சுன்னாகத்திலிருந்து பேராதனைக்குக் கணிதம் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வாடகை வீட்டின் கண்ணாடிகள் நொறுங்கியபோது பக்கத்துச் சிங்களக் குடும்பத்தின் சாமான் அறையில் மூன்று நாள் இருந்தார். அதன்பிறகு கணவர் விவேகானந்தன் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். "எப்ப வாறீர்?" என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்பார். "இந்த ஆய்வு முடியட்டும்" என்று இவர் எழுதுவார். சிங்களம் சரளமாகப் பேசுவார். ஆனால் எண்ணுவது தமிழில், உதடு அசையும். பஸ்ஸில் ஏறினால் மட்டும் உதட்டை இறுக்கிக்கொள்வார்.

எண்பத்தாறில் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் வந்தன. முந்நூற்று நாற்பத்தேழில் பூச்சியம். செலவு செய்த அறுபத்தைந்து வீட்டின் தொகையை எல்லா வீட்டுக்கும் பங்கிட்டால் வீட்டுக்குப் பதினான்கு ரூபாய் வந்தது. கந்தோரின் பணிப்பாளருக்கு அந்தப் பதினான்கு போதுமாக இருந்தது. தோட்டத்தில் பெரிதாக நோய் இல்லை, புதிதாக வரவிருக்கும் நடமாடும் வைத்திய வாகனத்தைத் தெல்தெனியப் பக்கம் அனுப்பலாம் என்றார்.

"அந்தப் பதினாலு ரூபா செலவழிச்ச வீடு ஒண்டுகூட இந்தக் கட்டுக்குள்ளை இல்லை" என்று சரோஜினிதேவி நஸீமிடம் சொன்னார். "செலவழிச்சதோ இல்லையோ எண்டது ஒரு கேள்வி. செலவழிச்சவை எவ்வளவு செலவழிச்சவை எண்டது இன்னொரு கேள்வி. ரெண்டையும் ஒரு சட்டியிலை போட்டுக் கிண்டினால் ரெண்டும் பழுதாப் போகும்."

பூச்சியம் எழுதிய வீடுகளில் ஆறுக்கு ஒன்றாக ஐம்பத்தெட்டைத் தெரிந்தெடுத்தார். நான்கு சனிக்கிழமை தானே போனார். கையில் ஒரேயொரு புதுக் கேள்வி: படிவம் கேட்ட மாதத்தில் வீட்டில் யாருக்காவது வருத்தம், நோய் ஏதும் வந்ததா? வரவில்லையென்றால் படிவத்தில் 0 என்றும், வந்து தோட்டத்து மருந்தகத்தில் இலவசமாக மருந்து எடுத்திருந்தால் 1 என்றும், வந்தும் எங்கும் போகவில்லையென்றால் 2 என்றும் எழுதுவது ஏற்பாடு.

தொழிலாளர் வரிசை வீடுகளில் மூன்றாம் லயத்தில் அழகையா என்பவர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"காய்ச்சல்தாங்க. பத்து நாளு எந்திரிக்கல."

"ஆஸ்பத்திரிக்குப் போகேல்லையா?"

"தோட்டத்துல மருந்து முடிஞ்சு போச்சு. கண்டிக்குப் போகணும்னா மூணு எடத்துல செக்கிங்குங்க. நமக்குப் பிரஜாவுரிமையே இல்ல, அடையாள அட்டை எங்கேருந்து வரும்? போன மாசம் அட்டை இல்லாம போன ரெண்டு பேர புடிச்சிட்டாங்க. இன்னும் வரல." கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார்: "அதான் படுத்தே கெடந்தேன். செலவு ஒண்ணும் இல்லீங்க."

சரோஜினிதேவி குனிந்து காரணத்தை எழுதத் தொடங்கினார். 'அடையாள' என்று எழுதிய கை நின்றது. தாளின் தலைப்பில் அழகையாவின் பெயரும் லயத்து இலக்கமும் இருந்தன. எழுதியதைக் கறுப்பாக அடித்துவிட்டு 2 என்று மட்டும் போட்டார். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் காரணத்தை எழுதவில்லை. கேட்டுக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டார்.

கடைசிச் சனிக்கிழமை திரும்பும்போது இராணுவக் காவலரணில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அவருடைய அட்டையில் யாழ்ப்பாணத்துப் பிறப்பிடத்தைப் பார்த்த சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். தமிழ்ப் பெயர்கள் எழுதிய தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இந்த 2 என்றால் என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"வருத்தம் வந்தது, மருந்து எடுக்கவில்லை" என்றார் அவரும் சிங்களத்தில்.

"ஏன் எடுக்கவில்லை?"

"அதை இந்தத் தாளில் கேட்கவில்லை."

சிப்பாய் இன்னும் இரண்டு தாளைப் புரட்டினான். பிறகு முழுவதையும் பைக்குள் திணித்துக் கொடுத்தான். பஸ்ஸில் ஏறி இருந்ததும் கசங்கிய தாள்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாக நீவினார்.

ஐம்பத்தெட்டில் இருபத்திரண்டு வீட்டில் நோய் இல்லை. ஒன்பது வீடு இலவச மருந்து எடுத்திருந்தது. மற்ற இருபத்தேழும் நோயோடு வீட்டில் கிடந்த பூச்சியங்கள். பணிப்பாளர் அட்டவணையை இரண்டுமுறை படித்தார். கெட்ட மனிதரல்ல. அந்த இருபத்தேழு வீட்டின் காரணங்களையும் பெயரோடு தந்தால் அமைச்சில் வாதாட வசதி என்றார்.

"எண்ணிக்கை தருவேன். பெயரோடு காரணம் தரமாட்டேன்."

"அப்படியானால் இதை அவர்கள் நம்பாமல் விடலாம்."

"விடலாம்" என்றார் சரோஜினிதேவி. அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. பிடிவாதத்தால் அந்தச் சனங்களின் வாகனத்தைத் தானே கெடுத்துவிட்டோமோ என்ற எண்ணம் இரண்டு மாதம் அவரை விடவில்லை.

பெயரில்லாமல் அனுப்பிய எண்ணிக்கைக்குத் தை மாதம் அமைச்சிலிருந்து பதில் வந்தது. ஒன்றுவிட்ட புதன்கிழமைகளில் வாகனம் தோட்டத்துக்குப் போகும். மருத்துவர் லயத்துக்கே வருவார். அந்தக் கடிதத்தின் கீழே இன்னொரு வரி இருந்தது: மூலப் படிவங்கள் அனைத்தையும் கொழும்புக்கு அனுப்பவும்.

சரோஜினிதேவி அலுமாரியிலிருந்து படிவக் கட்டை எடுத்தார். மேசை லாச்சியில் கிடந்த கத்தரிக்கோலையும் எடுத்தார்.

"மிஸ், பேரெல்லாம் எங்கண்டு கேட்டா என்ன சொல்ற?" நஸீம் எழுந்தே வந்துவிட்டார்.

"நான் வெட்டினனான் எண்டு சொல்லும்."

முதல் படிவத்தின் தலைப்பை உதட்டுக்குள் ஒருமுறை வாசித்தார். அதன் கீழிருந்த கோட்டோடு கோடாக, வளையாமல் வெட்டினார். கையில் வந்த கீற்றை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்ததை இழுத்தார்.