சித்தப்பாவின் இடது கை

எங்கள் சித்தப்பாவுக்குச் சாமி பக்தி கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். ஏன் இல்லை? அவர் கும்பிட்ட சாமி கம்பளி நூலில் உருட்டிய மஞ்சள் பந்தாக இருந்தது, அவ்வளவுதான். பகலெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்து முகூர்த்தப் புடவை நெய்வார். வெயில் சாய்ந்துவிட்டால் இடியே விழுந்தாலும் எழுந்து பூப்பந்து ஆடப் போய்விடுவார். பிள்ளையார்பாளையத்துக் கிளப்பில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் உறுப்பினர். தன் கல்யாணத்தன்றைக்கே மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தாராம். சித்தி இதைச் சொல்லும்போது திட்டுகிறாளா, பெருமைப்படுகிறாளா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வருஷம் கோப்பைக்கான கடைசி ஆட்டம் சின்ன காஞ்சிபுரத்து ஆட்களோடு. அமாவாசையன்று வைத்திருந்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது, ஆகவே ஊரே வேடிக்கை பார்க்க வரும். அதற்கு முந்தின வாரம் கிளப் செயலாளர் வீட்டுக்கு வந்தார். மோரை வாங்கிக் குடித்துவிட்டுப் பக்குவமாகத்தான் ஆரம்பித்தார்.

"அண்ணே, உன் கை முன்ன மாதிரி இல்ல. சின்னப் பசங்க காத்துக்கினு இருக்கானுங்க."

"இந்த ஒரு ஆட்டம் உடுப்பா," என்றார் சித்தப்பா. "தோத்தா நானே பேட்டை உன் கையில குடுத்துடறேன்."

சித்தப்பா ஆடாத கிளப்பும் ஒரு கிளப்பா? செயலாளர் தெருமுனை திரும்பியதும் அவர் போன திசையில் ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றினேன்.

அந்த வாரம் முழுக்கச் சித்தி எண்ணெய் காய்ச்சி அவருடைய வலது தோளில் தேய்த்தாள். பயில்வான்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்களே, அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, எனக்கும் தேய்த்துவிடச் சொல்லி அடம்பிடித்தேன்.

பெண்பிள்ளைகள் மைதானத்துப் பக்கம் போகிற வழக்கம் இல்லை. கோயிலுக்குப் போகிறேன் என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சித்தி என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். போய் நின்றது மைதானத்தை ஒட்டியிருந்த சாயக் கொட்டகைக்குப் பின்னால். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

எதிராளிகள் விவரமானவர்கள். பந்தை விடாமல் சித்தப்பாவின் வலது பக்கமே அடித்தார்கள். ஒன்று தவறியது. இன்னொன்றும் தவறியது. செயலாளர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் புள்ளிகள் சமமாக நின்றபோது ஒரு பந்து வலது தோளுக்கு மேலே எகிறி வந்தது. சித்தப்பாவின் வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. போச்சு என்று நான் கண்ணை மூடப்போனேன். அதற்குள் பேட் இடது கைக்குத் தாவியிருந்தது! தறியில் ஊடை நூல் ஓட்டும் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிப்பாரே, அதே மாதிரி. பந்து எதிர்மூலையில் போய் விழுந்தது.

யம்மாடி! கூட்டம் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வலது கையைத் தொங்கவிட்டபடியே ஆடினார். அத்தனை பந்தும் இடது கைதான். கடைசிப் புள்ளியும் அதுவே வாங்கியது. மனுஷருக்குள் இப்படி ஒரு கை ஒளிந்திருக்குமா? திரும்பிப் பார்த்தால் சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"அழாதே சித்தி, நாம ஜெயிச்சுட்டோம்!"

"தெரியும்டி. கம்முனு இரு."

மறுநாள் சாயங்காலம் வழக்கத்தையெல்லாம் மறந்து மைதானத்துக்கே ஓடினேன். சித்தப்பாவின் இடத்தில் ஒரு இளவட்டம், அவருடைய பேட்டையே பிடித்துக்கொண்டு நின்றான். சித்தப்பாவோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுண்ணாம்பு டப்பாவை இடது கையில் சாய்த்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சோமே! நீ ஏன் சித்தப்பா ஆடல?"

"ஆடறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான்மா. நேரா கோடு போட ஒருத்தனாவது வேணுமில்ல?"

கோட்டைப் பார்த்தேன். தறியில் இழுத்துக் கட்டிய பாவு இழை மாதிரி அவ்வளவு நேர். என் கோபம் போன இடம் தெரியவில்லை. பந்து சரியாக விழுந்ததா, வெளியே போனதா என்று சொல்வது இனிமேல் சித்தப்பாவின் கோடுதான். செயலாளரே அதைத் தாண்டிப் பேச முடியாது. இதைவிடப் பெரிய பதவி உண்டா?

அன்றிலிருந்து சாகும்வரை தினமும் போய் அந்தக் கோட்டைப் போட்டார். வீட்டில் அவருடைய தறியில் சித்தி உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் நாடாவும் எறிவாரா என்று அதற்கும் நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, தறிக்குழிக்கு மேலே குனிந்து சித்தியிடமும் சொன்னேன்.

"சித்தப்பாவுக்குப் பதவி உசந்துடுச்சு, தெரியுமா?"

"ஆமாண்டி, உசந்துடுச்சு," என்று சொல்லிவிட்டு, எழுந்து அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள்.

கோப்பைதான் வந்துவிட்டதே, இன்னும் எதற்குத் தினமும் எண்ணெய் காய்ச்சுகிறாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.