சமையலறைக் காலண்டரில் சிவப்பு வட்டம்

அலுவலகத்தில் அவளுக்குப் பாட்டில்காரி என்று பெயர். பதினோரு வருஷமாகப் படகில் போய்க் கடல் தண்ணீரை மொண்டு வருகிறவளுக்கு, ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் மகராசன்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

செயற்கைக்கோள் மேலேயிருந்து கடலின் நிறத்தைப் படம் பிடிக்கும். நிறத்தை வைத்து அழுக்கைக் கணக்கிடுவார்கள். படம் சரிதானா என்று பார்க்க, அது தலைக்கு மேல் போகும் நேரத்தில் அவள் அதே இடத்துத் தண்ணீரை எடுத்து வரவேண்டும். அந்தத் தேதிகளுக்குச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டுவைப்பாள். இடையிலும் வாரம் ஒருமுறை போவாள். வம்பு அங்கேதான் வந்தது.

"சேட்டிலைட் வர்ற அன்னிக்கெல்லாம் தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. நீ தனியா போனா மட்டும் சாக்கடையா வருது. படகுல போனியா, இல்ல கால்வாயில மொண்டுட்டு வந்தியா?" என்றார் அதிகாரி. "இன்னொரு பாட்டில் இப்படி வந்துச்சு, வேலைக்கு வராதே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தால், கொழுந்தன் போனில் காலண்டரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சாயத் தொழிற்சாலையில் கடலுக்குப் போகும் கழிவுக் குழாயைத் திறந்து மூடுவது அவன் வேலை.

"சும்மா தேதி பார்த்தேன் அண்ணி."

தேதி பார்க்கிற மூஞ்சியைப் பார்! அவள் வட்டம் போட்ட நாளில் குழாயை மூடி, மானேஜரிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறான், அதுவும் அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே. அவள் அடுத்த மாதத் தாளில் வட்டங்களை இரண்டு நாள் தள்ளிப் போட்டாள்.

அந்த மாதத்து முதல் படத்திலேயே, குழாயின் வாயிலிருந்து இரண்டு மைல் நீளத்துக்குச் செம்பழுப்புப் பட்டை. அவள் பாட்டிலிலும் அதே நிறம். "படம் நல்லா வந்திருக்கு" என்றார் அதிகாரி. அவளைத் திட்டியதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது. கொழுந்தன் சமையலறை வாசலில் நின்று கத்தினான்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே! ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இப்படிச் செய்வாங்களா?"

புருஷனும் தம்பி பக்கமே நின்றான்.

"என் வேலைக்கு உலை வெச்சப்போ ஒரே வீடுன்னு தெரியலையா?" அவள் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக் கைப்பையில் திணித்தாள். "இனிமே தேதி வேணும்னா என்னைக் கேளு. சொல்லமாட்டேன்."