பொழுது சாய்ந்தால் மறுநாள்

சித்தப்பா கிறிஸ்தவராக மாறியபோது, இனி இவனோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஒழுங்காகக் காப்பாற்றிய ஒரே சபதம் அதுதான். பிறகு அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டது. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு செங்கம் ரோட்டில் ஓடிய அவருடைய ஆட்டோ வாசலில் தூசி படிந்து நின்றது. படுத்த பிறகு அவருக்குத் தம்பியோடு ஒருவேளை சாப்பிட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஆயுதபூஜைக்கு வரச் சொல்லி என்னைப் போன் பண்ண வைத்தார்.

சித்தப்பா அப்போது பைபிள் வகுப்பில் எபிரேயர்களின், அதாவது யூதர்களின், நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். படித்ததைப் படிப்போடு விடுகிற ஆளில்லை. அவர்களுக்கு அமாவாசையை ஒட்டித்தான் மாதம் பிறக்கிறது என்று தெரிந்ததும், நம்மூர் தினசரிக் காலண்டரை வைத்தே கணக்குப் போட்டுவிட்டார். பாவமன்னிப்பு கேட்டு அவர்கள் பட்டினி கிடக்கும் நாள் அந்த வருடம் விஜயதசமியில் விழுந்தது. விரதம் மறுநாள்தானே என்று வர ஒப்புக்கொண்டார். ஆனால் பொழுது இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும் என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சாமிக்குப் படைத்ததை அவர் தொடமாட்டார் என்பதால் அம்மா படையலுக்கு முன்பே தனியாக எடுத்துவைத்தாள். அப்பா தலைவாரிக்கொண்டு சுவரில் சாய்ந்து மத்தியானத்திலிருந்தே காத்திருந்தார். சித்தப்பா ஏறிய பஸ்ஸுக்கோ செங்கத்தில் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து, அப்புறம்தான் எடுத்தார்கள். அவர் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

அம்மா இரண்டு இலை போட்டாள். சித்தப்பா உட்கார்ந்தார், கை நீட்டவில்லை.

"இருட்டிப்போச்சுண்ணா. அவங்க கணக்குல பொழுது சாஞ்சாலே மறுநாளு. எனக்கு விரதம் ஆரம்பிச்சுடுச்சு" என்றார்.

"உன் சாமி ஒரு அரைமணி நேரம் பொறுக்க மாட்டாரா?"

அப்பா ஒரு வாய் சோற்றைப் பிசைந்து, அப்படியே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணன் பிழைக்க வேண்டும் என்றுதான் அவர் அந்த விரதத்தையே நேர்ந்திருந்தார் என்று அம்மாவுக்கே வெகுகாலம் கழித்துத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தி, ஊர் வந்து, அழுது, சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்த சித்தப்பா, வானத்தில் நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு அம்மாவிடம் நேற்று எடுத்துவைத்தது இருக்கிறதா என்று கேட்டார். புளித்துப்போயிருக்கும் என்றாள் அம்மா. பரவாயில்லை என்று வாங்கி, அப்பா படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிடக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாவம், ஒருநாள் பட்டினியையே தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.